கால்வாவுக்குக் கிடைக்காத காலேஜ்

நம்ம கேன்டீன் கவுன்டரில் ஒட்டியிருக்கிற க்யூஆர் கோடை யாராவது உத்துப் பார்த்திருக்கீங்களா? வலது பக்கம் கீழ் மூலை கிழிஞ்சு போச்சு. நடுவில் டீக்கறை. ஆனாலும் போனைக் காட்டின உடனே ஸ்கேன் ஆகுது, பணம் போகுது. கிழிஞ்சு போன பகுதியில் என்ன இருந்திருக்கும்னு மிச்சம் இருக்கிற பகுதியை வைத்தே கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கிற ஏற்பாடு அதுக்குள்ளேயே இருக்கு. ரீட்-சாலமன் கோட் என்று பெயர். அந்தக் கணக்கு நடக்கிற இடம் மொத்தம் 256 எண்கள் மட்டுமே உள்ள ஒரு குட்டி உலகம். அங்கே எதை எதோடு கூட்டினாலும் பெருக்கினாலும் அந்த 256-க்குள்ளேயேதான் விடை வரும். அதுக்குப் பெயர் கால்வா ஃபீல்ட். ஈசிஇ ஆட்களுக்குக் கோடிங் தியரியில் வரும், சிஎஸ்இ ஆட்களுக்கு ஏஇஎஸ் படிக்கும்போது வரும். எங்க கிளாஸில் பாதிப் பேர் அதை இன்னும் கலாய்ஸ் ஃபீல்ட் என்றுதான் படிக்கிறோம்.

அந்தக் கால்வா ஒரு இன்ஜினியரிங் காலேஜ் என்ட்ரன்ஸில் ரெண்டு தடவை ஃபெயில் ஆனவர்.

இதை இப்போ எழுதக் காரணம் என் சித்தி. தம்பி பிளஸ் டூ முடிச்சிட்டான், நல்ல மார்க், ஆனா ஆசைப்பட்ட காலேஜுக்கு ஒன்றரை மார்க் கட்-ஆஃப் குறையுது. கவுன்சலிங்ல என்ன போடலாம்னு போன வாரம் போன் பண்ணிக் கேட்டாங்க. எந்தக் காலேஜ்ல படிச்சா என்ன, படிக்கிற புள்ள எங்கேயும் படிக்கும்னு சொல்ல வாய் வரைக்கும் வந்தது. நாலு வருஷத்துக்கு முன்னாடி எனக்கு எல்லாரும் சொன்ன அதே வரி. அப்போ எனக்கு அது எவ்வளவு எரிச்சலா இருந்ததுன்னு ஞாபகம் வந்ததும் நிறுத்திட்டேன். அப்புறம் பேசறேன் சித்தின்னு வச்சிட்டேன். அன்னைக்கு ராத்திரி கோடிங் தியரி நோட்ஸை எடுத்து வச்சிட்டு, அதைப் படிக்காம, அந்தப் பெயருக்குப் பின்னாடி இருக்கிற ஆளைப் பத்திப் படிச்சேன்.

எவரிஸ்ட் கால்வா 1811 அக்டோபர் 25-ஆம் தேதி, பாரிஸுக்குத் தெற்கே பூர்-லா-ரேன் என்ற சின்ன ஊரில் பிறந்தார். அப்பா ஒரு பள்ளிக்கூடம் நடத்தினார், பிறகு ஊருக்கு மேயரும் ஆனார். மன்னராட்சியும் பாதிரியார்களின் அதிகாரமும் பிடிக்காத மனுஷன். ஜாலியாகச் செய்யுள் எழுதுவார். அம்மா நன்றாக லத்தீன் படித்தவர். 12 வயசு வரைக்கும் பையனுக்கு வீட்டில் அம்மாதான் டீச்சர். 1823-ல் பாரிஸில் லூயி-லெ-கிராண்ட் என்ற பள்ளியில் போர்டிங்கில் சேர்த்தார்கள். பிரான்ஸின் பெரிய பள்ளிகளில் ஒன்று. பிரெஞ்சுப் புரட்சியின் ரோபஸ்பியர் படித்த இடம், விக்டர் ஹியூகோ படித்த இடம். கால்வா சேர்ந்த முதல் வருஷமே நிர்வாகத்தை எதிர்த்து மாணவர்கள் கிளம்ப, முன்னணியில் இருந்த நிறைய பசங்களைக் கூண்டோடு வெளியே அனுப்பினார்கள். கால்வா அதில் இல்லை. ஆனா எல்லாத்தையும் பக்கத்திலிருந்து பார்த்தார்.

1827 தொடக்கத்தில் ஒரு விஷயம் நடந்தது. மேல் வகுப்புக்கு இவன் இன்னும் பக்குவப்படலைன்னு ஹெட்மாஸ்டர் முடிவு பண்ணி, முந்தின வகுப்புக்கே திருப்பி அனுப்பினார். படிச்ச பாடத்தையே மறுபடி படிக்கிற போரில், சும்மா கணக்கு வகுப்பில் போய் உட்கார்ந்தார். அங்கே லெஜாண்டர் எழுதிய ஜியாமெட்ரி புத்தகம் கைக்கு வந்தது. ரெண்டு வருஷப் பாடத்தை ரெண்டு நாளில் முடித்தார்னு ஒரு கதை சொல்வாங்க, நான் அதை அப்படியே நம்பலை. ஆனா கொஞ்ச நாளிலேயே பாடப்புத்தகத்தை விட்டுட்டு நேராக லக்ராஞ்ச் எழுதிய ஒரிஜினல் ஆராய்ச்சிகளைப் படிக்க ஆரம்பித்தது உண்மை. மத்தப் பாடத்தில் எல்லாம் ரிப்போர்ட் மோசமாக வர ஆரம்பித்தது. பையன் வித்தியாசமானவன், கணக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கு, வேற எதையும் தொடுவதில்லை என்கிற மாதிரி ஆசிரியர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள்.

அந்தக் காலத்தில் பாரிஸில் கணக்கு நல்லா வருகிற பையனுக்குக் கனவு ஒன்றுதான். எகோல் பாலிடெக்னிக். பாலிடெக்னிக் என்றதும் நம்ம ஊர் டிப்ளமா காலேஜ் நினைப்பு வரும். அது வேற. 1794-ல் புரட்சி அரசு தொடங்கிய இன்ஜினியரிங் காலேஜ், 1804-ல் நெப்போலியன் அதை ராணுவக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டு வந்தார். யூனிஃபார்ம், வாள், தொப்பி. படிச்சு முடிச்சா சுரங்கத் துறை, சாலை-பாலத் துறை, பீரங்கிப் படை என்று அரசு வேலை தயார். நாட்டின் பெரிய கணக்கு ஆட்கள் எல்லாம் அங்கே பாடம் எடுத்தார்கள், இல்லை அங்கே படிச்சிட்டு வந்தவர்கள். அதுக்கும் மேல, சுதந்திரச் சிந்தனை உள்ள பசங்க இருக்கிற இடம் என்ற பெயர். கால்வா மாதிரி வீட்டிலிருந்து வந்த பையனுக்கு வேறென்ன வேணும்?

என்ட்ரன்ஸ் நம்ம மாதிரி ஓஎம்ஆர் ஷீட் கிடையாது. கரும்பலகை முன்னாடி நிற்கணும், தேர்வாளர் கேட்கக் கேட்கச் சாக்பீஸால் எழுதி விளக்கணும். அதுக்கென்றே ஒரு வருஷம் ஸ்பெஷல் கணித வகுப்பு, கிட்டத்தட்டக் கோச்சிங். கால்வா அந்த வருஷத்தைத் தாண்டிக் குதிக்கலாம்னு நினைத்தார். 1828-ல் 16 வயசில், தயாரிப்பே இல்லாமல் நேராகப் போய் நின்றார். ஃபெயில். இதில் தேர்வாளரைத் திட்ட எனக்கு மனசு வரலை. சிலபஸ் பார்க்காம எக்ஸாமுக்குப் போனா நமக்கும் அதேதான்.

ஃபெயில் ஆனதால் ஒரு நல்லது நடந்தது. அந்த ஸ்பெஷல் வகுப்பில் சேர்ந்தார், அங்கே ரிஷார் என்ற ஆசிரியர் கிடைத்தார். ரிஷார் தன் பெயரில் பெரிய கண்டுபிடிப்பு எதையும் விட்டுவிட்டுப் போகலை. ஆனா எதிரில் உட்கார்ந்திருக்கிறது யாருன்னு அவருக்குத் தெரிஞ்சது. இவனைத் தேர்வே வைக்காமல் பாலிடெக்னிக்கில் சேர்க்கணும் என்பது அவர் கட்சி. கால்வாவின் ஹோம்வொர்க் தாள்களை எடுத்துப் பத்திரமாக வைத்துக்கொண்டார். பல வருஷம் கழித்து இன்னொரு மாணவனிடம் அவற்றைக் கொடுத்தார். அந்த மாணவன் ஹெர்மைட், நம்ம ஹெர்மிஷியன் மேட்ரிக்ஸின் ஹெர்மைட். இத்தனைக்கும் அந்த ஹெர்மைட் 1842-ல் பாலிடெக்னிக்கில் 68-ஆவது ரேங்கில் சேர்ந்து, பிறவியிலேயே ஒரு கால் ஊனம் என்பதால் தொடர்ந்து படிக்க விடாமல் சிக்கலாகி வெளியே வந்தவர். ரேங்க் வாங்கினாலும் கதவு சாத்தப்படலாம் என்பதற்கு அவர் ஒரு தனிக் கட்டுரை.

1829 ஏப்ரலில் கால்வாவின் முதல் கட்டுரை ஒரு கணித இதழில் வந்தது. 17 வயசு. மே, ஜூன் மாதங்களில் சமன்பாடுகள் பற்றிய தன் புதுக் கண்டுபிடிப்பை அறிவியல் அகாடமிக்கு அனுப்பினார். என்ன கண்டுபிடிப்பு என்றால், x வர்க்கம் வருகிற சமன்பாட்டுக்கு ஃபார்முலா பத்தாம் கிளாஸிலேயே நமக்குத் தெரியும். மூன்றாம் படி, நான்காம் படிக்கு 16-ஆம் நூற்றாண்டிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். ஐந்தாம் படிக்குப் பொதுவான ஃபார்முலா கிடையவே கிடையாதுன்னு நார்வேக்காரர் அபெல் நிரூபித்தார். கால்வா கேட்டது அடுத்த கேள்வி. சில ஐந்தாம் படிச் சமன்பாடுகளைத் தீர்க்க முடியுதே, சிலதை முடியலையே, எதை முடியும், எதை முடியாதுன்னு எப்படிச் சொல்வது? விடைகளைக் கண்டுபிடிக்கவே போகாமல், விடைகளை ஒன்றுக்கொன்று இடம் மாற்றிப் போட்டால் எதெல்லாம் மாறாமல் இருக்குதுன்னு பார்த்தார். அந்த இடமாற்றங்களின் தொகுப்பைத்தான் இன்று குரூப் என்கிறோம். அந்தக் குரூப்பின் அமைப்பைப் பார்த்தாலே சமன்பாட்டின் ஜாதகம் தெரிந்துவிடும்.

அகாடமியில் அதைப் படிக்க வேண்டிய பொறுப்பு கோஷியிடம் போனது.

அதே ஜூலை 2-ஆம் தேதி அப்பா தற்கொலை செய்துகொண்டார். ஊருக்குப் புதிதாக வந்த பாதிரியார் ஒருவர், மேயர் எழுதியதுபோல அசிங்கமான செய்யுள்களைப் போலியாகப் பரப்பி அவர் மானத்தை வாங்கியிருந்தார். இறுதிச் சடங்குக்கு அந்தப் பாதிரியாரே வர, ஊர் மக்கள் கொதித்துப் போய் அடிதடி ஆனது. 17 வயசுப் பையன் அதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றான்.

சில வாரங்களில் பாலிடெக்னிக்கின் ரெண்டாவது அட்டெம்ப்ட். ரெண்டு தடவைக்கு மேல் எழுத முடியாது, நம்ம ஜேஇஇ அட்வான்ஸ்டு போலவேதான். கரும்பலகை முன்னாடி என்ன நடந்ததுன்னு பல கதைகள். பாதி ஸ்டெப்பை மனசிலேயே போட்டுவிட்டு விடையை மட்டும் எழுதினார், தேர்வாளர் ஏன்னு கேட்டார், இதெல்லாம் தெரிஞ்ச விஷயம்தானேன்னு இவர் விளக்க மறுத்தார், கடைசியில் டஸ்டரைத் தூக்கி அவர் மேலேயே எறிந்தார். டஸ்டர் கதை எல்லா யூட்யூப் வீடியோவிலும் வரும். நடந்ததா இல்லையா, யாருக்குத் தெரியும். ஃபெயில் ஆனது மட்டும் நிச்சயம். அப்பா போய் ஒரு மாசம்கூட ஆகியிருக்குமோ என்னவோ, அந்தப் பையனைக் கரும்பலகை முன்னாடி நிற்க வைத்தது டஸ்டரைவிட எனக்குப் பெரிதாகப் படுது.

மிச்சம் இருந்த வழி எகோல் நார்மல். அப்போது அதுக்கு அந்தப் பெயர்கூட இல்லை. ஆசிரியர்களை உருவாக்க அதுவும் 1794-ல் அறிவிக்கப்பட்டதுதான், ஆனா 1822-ல் மன்னர் அரசு அதை இழுத்து மூடியது. 1826-ல் எகோல் பிரெப்பரத்துவார், அதாவது ஆயத்தப் பள்ளி என்று பெயரைச் சுருக்கி மறுபடி திறந்தார்கள். லூயி-லெ-கிராண்ட் பள்ளியோடு ஒட்டிய பழைய கட்டடத்தில் நடந்தது. யோசிச்சுப் பாருங்க. ரெண்டு வருஷம் பாலிடெக்னிக் பாலிடெக்னிக்னு சொல்லிட்டு, கடைசியில் ஸ்கூல் காம்பவுண்டுக்குப் பக்கத்துக் கட்டடத்திலேயே போய்ச் சேருவது. படிச்சு முடிச்சா வாத்தியார் வேலை பார்ப்பேன்னு பாண்டு வேற எழுதிக் கொடுக்கணும். சேருவதற்கான தேர்விலும் கணக்குத் தேர்வாளர் புகழ்ந்தார், இயற்பியல் தேர்வாளரோ இவனுக்கு ஒன்றுமே தெரியலை, இவன் எப்படி நல்ல ஆசிரியர் ஆவான் என்கிற மாதிரி எழுதினார். எப்படியோ சேர்ந்துவிட்டார்.

இந்த இடத்தில்தான் நான் படிச்ச எல்லாக் கட்டுரைகளோடும் எனக்குச் சண்டை. மேதையைப் பெரிய காலேஜ் ஒதுக்கியது, சாதாரணக் காலேஜில் வாடினார் என்றே எல்லாரும் எழுதுறாங்க. 1830-ஆம் வருஷத்தைப் பாருங்க. ஏப்ரலில் ஒரு கட்டுரை, ஜூனில் ரெண்டு கட்டுரை வெளிவந்தது. ஜூனில் வந்ததில் ஒன்று எண் கணிதம் பற்றியது. நம்ம கேன்டீன் க்யூஆர் கோடின் கணக்கு நடக்கிற அந்த முடிவுள்ள எண் உலகங்கள் முதல் முறையாக அச்சில் வந்தது அந்தக் கட்டுரையில்தான். செகண்ட் சாய்ஸ் காலேஜின் முதல் வருஷம். அவர் வாழ்க்கையிலேயே அதிகமாக வெளியிட்ட வருஷம் அதுதான்.

ஆனா காலேஜ் முக்கியமே இல்லைன்னு இதை வச்சுச் சொல்லலாமா? சொல்ல முடியலை. ஏன்னா அடுத்த மாசமே ஜூலை வந்தது.

1830 ஜூலை 27, 28, 29. மூணு நாள் பாரிஸ் தெருக்களில் புரட்சி. பத்தாம் சார்லஸ் மன்னர் பத்திரிகைச் சுதந்திரத்தைப் பறித்ததும், ஜனங்கள் கல்லையும் வண்டியையும் குவித்துத் தெருவை மறித்துப் போராடினார்கள். பாலிடெக்னிக் பசங்க ஹாஸ்டலை உடைத்துக்கொண்டு வெளியே வந்து, யூனிஃபார்மோடு முன்னாடி நின்றார்கள். கோல்ட்ப்ளேயின் விவா லா விடா ஆல்பம் கவர் ஞாபகம் இருக்கா? கொடியோடு ஒரு பெண் பிணங்களைத் தாண்டி வருகிற படம். அது இந்த மூணு நாளைப் பற்றி டெலக்ரா வரைந்த ஓவியம். அதன் கூட்டத்துக்குள் ரெண்டு முனைத் தொப்பி போட்ட ஒருத்தர் தெரிவார், பாலிடெக்னிக் மாணவர். நாடு முழுக்க அவர்கள் ஹீரோ ஆகிவிட்டார்கள்.

கால்வா? கேட்டுக்குள்ளே. ஆயத்தப் பள்ளியின் இயக்குநர் கின்யோ கதவுகளைப் பூட்டி, யாரும் வெளியே போகக்கூடாதுன்னு சொல்லிவிட்டார். வெளியே துப்பாக்கிச் சத்தம் கேட்குது. கால்வா சுவர் ஏறிக் குதிக்கப் பார்த்தார், முடியலை. மூணு நாள் கழித்து யார் ஜெயித்தார்கள்னு தெரிந்த பிறகு, அதே இயக்குநர் தன் மாணவர்களைப் புது அரசின் சேவைக்கு அனுப்பத் தயார்னு அறிவித்தார்.

அந்தச் சுவர்தான் எனக்கு இந்தக் கதையில் முக்கியமாகப் படுது. ரெண்டு கரும்பலகைத் தேர்வுகள் முடிவு பண்ணியது கால்வாவுக்கு எவ்வளவு கணக்குத் தெரியும் என்பதை இல்லை. அது ஏற்கெனவே அவருக்குத் தெரியும். சுவருக்கு எந்தப் பக்கம் நிற்பார், யாரோடு நிற்பார் என்பதை அவை முடிவு பண்ணின. பாலிடெக்னிக்கில் இருந்திருந்தால் உயிரோடு இருந்திருப்பார் என்றும் சொல்ல வரலை. அந்தப் பசங்களில் வானோ என்ற ஒருத்தன் 29-ஆம் தேதி சுடப்பட்டுச் செத்தான், பாரிஸில் இன்றைக்கும் அவன் பெயரில் ஒரு தெரு இருக்கு. ஆனா உள்ளே பூட்டி வைத்த அவமானம் கால்வாவை விடவே இல்லை. லீவு முடிந்து திரும்பினபோது முழுக் குடியரசுக்காரராக வந்தார். டிசம்பரில் இயக்குநரின் இரட்டை வேடத்தைக் கிழித்து ஒரு பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். அச்சில் பெயர் போடலை. ஆனா எழுதியது யார்னு கண்டுபிடிக்க அந்தக் கேம்பஸில் எவ்வளவு நேரம் ஆகும்? டிஸ்மிஸ். அந்தக் காலேஜிலும் ஒரு வருஷம்தான்.

இதுக்கு நடுவில் கட்டுரைகளின் கதையைச் சொல்லிடறேன். கோஷியிடம் போனது அகாடமியில் படிக்கப்படவே இல்லை. 1830 பிப்ரவரியில் அகாடமியின் பெரும் பரிசுக்காக மறுபடி எழுதி அனுப்பினார். அதை ஃபூரியர் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனார், மே மாதம் இறந்து போனார், தாள்கள் கிடைக்கலை. பரிசு ஜக்கோபிக்கும், முந்தின வருஷமே 26 வயசில் இறந்துபோன அபெலுக்கும் போனது. 1831 ஜனவரியில் மூணாவது தடவை பாய்சான் கேட்டு வாங்கினார். ஜூலையில் பதில் எழுதினார்: விளக்கம் போதவில்லை, புரியவில்லை, முழுசாக எழுதி வெளியிட்டால் பிறகு பார்க்கலாம். கோஷி, ஃபூரியர், பாய்சான். எம்-1-லிருந்து நம்மைத் துரத்துகிற மூணு பேர், அவரையும் துரத்தியிருக்கிறார்கள். கோஷியும் பாய்சானும் பாலிடெக்னிக்கில் படித்தவர்கள், ஃபூரியர் அங்கே பாடம் எடுத்தவர். வேணும்னே செய்தார்கள்னு நான் நினைக்கலை. அங்கே படிக்கிற பையனாக இருந்தால், வராண்டாவில் மடக்கி, சார் என் பேப்பர் என்னாச்சுன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவ்வளவுதான். ரெஃபரல் இல்லாமல் ரெஸ்யூமே அனுப்பிவிட்டு மெயிலை ரிஃப்ரெஷ் பண்ணிக்கொண்டே இருக்கிற ஃபைனல் இயர் ஆட்களுக்கு இதுக்கு மேல் விளக்க வேண்டாம்.

டிஸ்மிஸ் ஆன கால்வா 1831 ஜனவரியில் ஒரு புத்தகக் கடையில் வாரா வாரம் உயர் கணித வகுப்பு ஆரம்பித்தார். ஆட்கள் சீக்கிரமே குறைந்துவிட்டார்கள். கையில் காசில்லை. அப்போது சோஃபி ஜெர்மேன் என்ற கணித அறிஞர், நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் இந்தப் பையனைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறார். நார்மலிலிருந்து துரத்திவிட்டார்கள், பணம் இல்லை, அம்மாவிடமும் இல்லை, இப்படியே போனால் மனசு முழுசாகக் கலங்கிவிடும்னு பயப்படுறாங்க என்கிற செய்தி அதில் இருக்கு.

ஜெர்மேன் யாருன்னு சொல்லாம போனா தப்பு. பாலிடெக்னிக் தொடங்கினபோது அவருக்கு 18 வயசு. பெண் என்பதால் சேர முடியாது. தேர்வில் ஃபெயில் ஆகக்கூட அவருக்கு உரிமை இல்லை. அங்கே பாடக் குறிப்புகள் எழுத்தில் கிடைக்கும் என்பதால், லெ பிளாங்க் என்ற ஆண் பெயரில் குறிப்புகளை வாங்கிப் படித்து, அதே பெயரில் விடைகளை அனுப்பினார். லக்ராஞ்ச் அசந்துபோய் இந்த மாணவனை நேரில் பார்க்கணும்னு கேட்டபோதுதான் உண்மை வெளியே வந்தது. 1816-ல் அகாடமியின் பரிசையே வாங்கினார். காலேஜுக்கு உள்ளேயே போகாதவர், காலேஜிலிருந்து துரத்தப்பட்டவனுக்காக எழுதிய கடிதம் அது. ரெண்டு மாசத்தில் புற்றுநோயில் இறந்து போனார்.

மிச்சம் வேகமாக நடந்தது. 1831 மே 9-ஆம் தேதி ஒரு விருந்தில், கையில் கத்தியோடு புது மன்னர் லூயி-பிலிப் பெயரைச் சொல்லி கால்வா கோப்பையை உயர்த்தினார். அந்த விருந்தில் இருந்த எழுத்தாளர் டூமா வம்பு வேண்டாம்னு ஜன்னல் வழியாக வெளியே போய்விட்டார். மறுநாள் கைது, ஜூனில் விடுதலை. ஜூலை 14-ஆம் தேதி, கலைக்கப்பட்ட தேசியக் காவல் பீரங்கிப் படையின் யூனிஃபார்மைப் போட்டுக்கொண்டு ஊர்வலம் போனதற்காக மறுபடி கைது. ஆறு மாசத் தண்டனை. கிடைக்காத யூனிஃபார்ம் ஒன்று, போடக்கூடாத யூனிஃபார்ம் ஒன்று. பாய்சானின் பதில் ஜெயிலில்தான் கைக்குக் கிடைத்தது. 1832 வசந்தத்தில் பாரிஸில் காலரா பரவ, கைதிகள் சிலரை ஒரு மருத்துவ இல்லத்துக்கு மாற்றினார்கள். அங்கே ஸ்டெஃபானி என்ற பெண்மேல் காதல் வந்தது, அவர் மறுத்துவிட்டார். மே 30-ஆம் தேதி காலையில் துப்பாக்கிச் சண்டை. எதிரில் நின்றது யார், காதலா அரசியலா என்று இன்றுவரைக்கும் ஆளுக்கொரு கதை. வயிற்றில் குண்டு பட்டு, மறுநாள் கோஷான் ஆஸ்பத்திரியில் இறந்தார். 20 வயசு. எனக்கு 21.

முந்தின ராத்திரி மொத்தக் கணிதத்தையும் ஒரே மூச்சில் கண்டுபிடித்து எழுதினார் என்பது சும்மா. அதை 17 வயசிலிருந்து எழுதிக்கொண்டுதான் இருந்தார். அந்த ராத்திரி செய்தது, பாய்சான் திருப்பி அனுப்பிய தாளில் திருத்தம் போட்டதும், என்னென்ன கண்டுபிடித்திருக்கிறேன் என்று ஒரு நீளமான கடிதம் எழுதியதும்தான். ஒரு இடத்தில் நிரூபணம் முழுசாக இல்லை, நேரம் இல்லை என்று ஓரத்தில் குறித்திருக்கிறார்.

அந்தக் கடிதம் யாருக்கு? அகாடமிக்கு இல்லை. ரிஷாருக்கும் இல்லை. ஆகஸ்ட் ஷெவாலியே என்ற நண்பனுக்கு. ஷெவாலியே எங்கே கிடைத்தான் என்றால், அந்த ஆயத்தப் பள்ளியில். வேண்டா வெறுப்பாகப் போய்ச் சேர்ந்து, ஒரே வருஷத்தில் துரத்தப்பட்ட அந்தக் காலேஜில்.

ஷெவாலியே பெரிய கணிதக்காரன் இல்லை. அந்தக் கடிதத்தில் எவ்வளவு அவனுக்குப் புரிந்திருக்கும் என்பதே சந்தேகம்தான். காஸ், ஜக்கோபி ரெண்டு பேரிடமும் பொதுவில் கருத்துக் கேள் என்று கடிதத்தில் இருந்தது. அதே வருஷம் கடிதத்தை ஒரு பத்திரிகையில் வெளியிட்டான். காஸிடமிருந்தும் ஜக்கோபியிடமிருந்தும் பதில் வரலை. கால்வாவின் தம்பி ஆல்ஃபிரடும் ஷெவாலியேவும் கிடைத்த தாள்களை எல்லாம் சேர்த்தார்கள். கிறுக்கலான அந்தக் கையெழுத்தை ஷெவாலியே உட்கார்ந்து நல்ல கையெழுத்தில் பிரதி எடுத்தான். அப்படியே வைத்திருந்தான். 11 வருஷம் ஒன்றும் நடக்கலை. 1843-ல் லியூவில் என்ற கணிதப் பேராசிரியர் அவற்றைப் படித்துப் பார்த்து, இதில் விஷயம் இருக்குன்னு அகாடமியில் அறிவித்தார். 1846-ல் தன் இதழில் அச்சிட்டார். லியூவில் பாலிடெக்னிக்கில் படித்தவர், அங்கேயே பேராசிரியர். 1870-ல் அந்தக் கணிதத்தை முழுப் புத்தகமாக விரித்து எழுதிய ஜோர்டானும் பாலிடெக்னிக்காரர். கால்வாவை உள்ளே விடாத கேட் வழியாக அவர் தியரி போய்ச் சேர்ந்துவிட்டது. எகோல் நார்மல் 1895-ல் தன் நூற்றாண்டு மலரை வெளியிட்டபோது, கால்வாவைப் பற்றிக் கட்டுரை எழுத நார்வேயிலிருந்து பிறந்து வந்த பெரிய கணித அறிஞர் சோஃபஸ் லீயைக் கேட்டு வாங்கினார்கள். டிஸ்மிஸ் ஆர்டர் போட்ட அதே காலேஜ்.

இதை டைப் பண்ணி முடிக்கும்போது மணி ரெண்டரை. ரூம்மேட் பக்கத்தில் உட்கார்ந்து என் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டின் அலைன்மென்ட்டைச் சரி பண்ணிக்கொண்டிருக்கிறான், அவனோடது இல்லை, என்னோடது. கவுன்சலிங்கில் இந்தக் காலேஜ் அவனுக்கு ஏழாவது சாய்ஸ், எனக்கு ஒன்பதாவது.

சித்திக்கு இன்னும் போன் பண்ணலை. தம்பிக்குச் சாய்ஸ் ஃபில்லிங் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணியோடு முடியுது.